நான்காவது கியரில் ஐம்பத்து நான்கு

தப்பு என்னுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டிய இடத்தில், சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லாமல் நின்றவன் நான். இப்போது சொல்வதால் யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை, எனக்கும்தான்.

எசென்குல்லின் லாரி ஷெட்டில் பதினான்கு வருஷமாக மெக்கானிக்காக இருக்கிறேன். பதினோரு லாரிகள். காரா-கெச்சே சுரங்கத்தில் நிலக்கரி ஏற்றி, கிசார்ட் கணவாயைத் தாண்டி, எங்கள் மலையூரான கொச்கோருக்குக் கொண்டுவருவதுதான் தொழில். எல்லாமே வேறு நாடுகளில் ஓடித் தேய்ந்து கடைசியாக எங்களிடம் வந்து சேர்ந்த வண்டிகள். அதில் ஆறு வண்டிகளில் இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் ஆர்.பி.எம். முள் செத்துக் கிடந்தது. மாற்றித் தரச் சொல்லிக் கேட்டால் எசென்குல்லிடம் ஒரே பதில்தான்.

"வண்டி ஓடுதா இல்லையா? ஓடுற வண்டிக்கு எதுக்குடா வைத்தியம்?"

ஏற்றத்தில் அந்த முள் இல்லாவிட்டால் குடிமுழுகிப் போய்விடாது. காதே போதும். இறக்கத்தில்தான் வினை. பின்னால் இருபத்தைந்து டன் கரி நெட்டித் தள்ளும்போது இன்ஜின் சக்கரத்தைச் சுற்றுவதில்லை, சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் பாதி மலையில் அது கருகிவிடும். அதனால் சின்ன கியரில் போட்டு, இன்ஜினையே முட்டுக்கொடுத்து இறக்க வேண்டும். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. எங்கள் வண்டிகளுக்கு அது இரண்டாயிரத்து நானூறு சுற்று. அதைத் தாண்டிக் கொஞ்ச நேரம் ஓடினால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். பிறகு முட்டுக்கொடுக்க ஒன்றும் இருக்காது.

அதற்காக நான் ஒரு வழி வைத்திருந்தேன். லோடு ஏற்றிய வண்டியின் பின்டயரில் சாக்பீஸால் ஒரு கோடு, அதற்கு நேர்கீழே தரையில் ஒரு கோடு. சக்கரம் சரியாக ஒரு சுற்று சுற்றும்வரை வண்டியை மெல்ல நகர்த்தி, கோடு மறுபடி தரையைத் தொடும் இடத்தில் இன்னொரு குறி. இரண்டுக்கும் நடுவே டேப் பிடித்தால் ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் என்று தெரிந்துவிடும். டயரில் அச்சடித்திருக்கும் எண்ணை நான் நம்புவதில்லை, அது விற்கிறவனுக்கு. தேய்ந்து, பாரம் ஏறி அமுங்கின டயரின் கணக்கு வேறு. ஒரு சக்கரச் சுற்றுக்கு எந்த கியரில் இன்ஜின் எத்தனை சுற்று என்பது புத்தகத்தில் இருக்கிறது. பெருக்கி வகுத்து, ஒவ்வொரு கியருக்கும் இதற்கு மேல் போகாதே என்று ஒரு வேகத்தை அட்டையில் எழுதி, கண்ணாடிக்குக் கீழே ஒட்டிவிடுவேன். மூன்று என்றால் முப்பத்தெட்டு. நான்கு என்றால் ஐம்பத்தைந்து. டிரைவர் வேகத்தைப் பார்த்தால் போதும், இன்ஜின் என்ன பாடுபடுகிறது என்று தெரிந்துவிடும். மலையிலிருந்து இறங்கிவந்து "அண்ணே, உன் அட்டை தெய்வம்" என்று என் தோளில் தட்டியவர்கள் உண்டு. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

புருல் ஓட்டியது முள் செத்த அந்த ஆறு வண்டிகளில் ஒன்று. மலையில் லாரி ஓட்டிய ஒரே பெண். அதற்கு முன் பக்கத்து நகரமான நாரினுக்கு ஆள் ஏற்றும் வேன் நாலு வருஷம் ஓட்டினாள். கனரக லைசென்ஸ் எடுத்துக்கொண்டு வந்து எசென்குல் வாசலில் நின்றபோது, சமையலுக்கு ஆள் வேண்டும், இருக்கிறாயா என்றான். இருந்தாள். டிரைவர்களுக்கு நூடுல்ஸும் மாவுப் பணியாரமும் செய்து போட்டுக்கொண்டே மூன்று வருஷம் வண்டி கேட்டாள். ஒருநாள் ஒரு டிரைவர் ரஷ்யாவுக்கு ஓடிப்போக, யாரும் தொட விரும்பாத பழைய வண்டி ஒன்று நின்றுபோனது. எசென்குல் சாவியை மேஜையில் போட்டான்.

"எடுத்துக்கோ. ஆனா ஒண்ணு. ஒரே ஒரு தடவ வண்டிக்கு ஏதாவது ஆச்சு, மறுபடியும் அடுப்படிதான். என்கிட்ட மட்டும் இல்ல, கொச்கோர்ல எவனும் உனக்கு ஸ்டியரிங் தரமாட்டான். பாத்துக்க."

பதினேழு மாதம் ஓட்டினாள். ஒரு கீறல் இல்லை. அதுவே மற்ற டிரைவர்களுக்குக் கண்ணை உறுத்தியது.

செப்டம்பரில் அவள் வண்டியின் பின்டயர்கள் எட்டும் தேய்ந்து வழுக்கையாகிவிட்டன. எசென்குல் தலைநகர் பிஷ்கெக்குக்குப் போய் எட்டு பழைய டயர் வாங்கிவந்தான். சமவெளியில் ஓடும் வண்டிக்கான குள்ள டயர்கள். வளையம் பொருந்தும், உயரம்தான் கம்மி. மாட்டச் சொன்னான். மாட்டினேன்.

இங்கே ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். ஸ்பீடோமீட்டர் முள் சாலையைப் பார்ப்பதே இல்லை. அது கியர்பாக்ஸிலிருந்து ஓடுகிறது, சுற்றுகளைத்தான் எண்ணுகிறது. அதே தூரத்துக்குக் குள்ள டயர் அதிகம் சுற்றும், கூடவே இன்ஜினும். குள்ள டயர் மாட்டினால் வண்டி ஐம்பத்து நான்கில் போகும்போது முள் அறுபத்திரண்டு என்று காட்டும். நெடுஞ்சாலையில் கேமரா வைத்து அபராதம் போட ஆரம்பித்த நாளிலிருந்து எங்கள் ஆட்கள் எல்லோரும் போனைத்தான் பார்த்து ஓட்டுகிறார்கள். வானத்திலிருந்து அளப்பதால் போன் சொல்வதே சத்தியம், முள் பொய்க்காரன். எசென்குல்லும் புருலிடம் அதையே சொன்னான்: "முள்ள பாத்து உருட்டிக்கிட்டு வராதே. அது கூட்டிக் காட்டுது. போன் பாத்து ஓட்டு, ஒரு நடை கூடக் கிடைக்கும்."

போன் சாலைக்கு உண்மையைச் சொன்னது. இன்ஜினுக்கு உண்மையைச் சொன்னது அந்த முள்தான். பழைய அட்டையை முள்ளோடு சேர்த்துப் பார்த்திருந்தால் ஒரு ஆபத்தும் இல்லை. போனோடு சேர்த்துப் பார்த்தால் புது அட்டை வேண்டும். இது ஷெட்டில் ஒருவனுக்குத் தெரியும். அந்த ஒருவன் நான்.

டயர் மாட்டி முடித்தபோது புருல் வண்டியைச் சுற்றிவந்து பார்த்தாள்.

"டயர் குள்ளமா இருக்கே அண்ணே. அட்டை மாறாதா?"

அன்று நாரினில் கோக்-போரு ஆட்டம். என் தம்பி முதல்முறையாகப் பெரிய அணியில் குதிரையேறி ஆட்டுடலுக்கு மல்லுக்கட்டப் போகிறான். என்னை ஏற்றிக்கொள்ள வந்த கார் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அளப்பதென்றால் லோடு ஏற்ற வேண்டும், நகர்த்த வேண்டும், ஒரு மணி நேரம் போய்விடும்.

"பழைய அட்டையே போதும்மா. பெருசா ஒண்ணும் வராது. அப்படியே ஓட்டு."

இதுதான் நான் சொன்னது. வார்த்தை வார்த்தையாக நினைவிருக்கிறது. கையைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போய்க் காரில் ஏறினேன். தம்பியின் அணி தோற்றது. திரும்பிவந்த பிறகாவது எழுதியிருக்கலாம். நாளைக்கு, நாளைக்கு என்று பன்னிரண்டு நாள் போய்விட்டது.

பதின்மூன்றாம் நாள் கிசார்ட் இறக்கத்தில் அவள் இன்ஜின் வெடித்தது. லோடோடு நான்காவது கியரில் இறங்கிக்கொண்டிருந்தவளுக்குக் காலடியில் இரும்பு உடைகிற சத்தம். முட்டு போய்விட்டது. பிரேக்கைக் கருகும்வரை மிதித்து, இடது பக்கச் சக்கரங்களைச் சாலையோர மண்மேட்டில் ஏற்றி, முந்நூறு மீட்டர் உரசிக்கொண்டே வந்து வண்டியை நிறுத்தினாள். வலது பக்கம் அதலபாதாளம். எங்கள் ஆம்பிளைகளில் பாதிப் பேர் அந்த இடத்தில் கதவைத் திறந்து குதித்திருப்பார்கள். அவள் தோள்பட்டை பிசகிப்போனது. அதைப் பற்றி ஒருத்தனும் விசாரிக்கவில்லை.

கரியை வேறு வண்டிக்கு மாற்றி, காலி லாரியை இழுத்துவந்தோம். மறுநாள் காலை இன்ஜினைத் திறந்தேன். வளைந்த வால்வுகள், ஓட்டை விழுந்த பிஸ்டன். அளவுக்கு மீறிச் சுற்றியிருக்கிறது என்று பார்த்தவுடனே தெரிந்தது. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள், தலையை ஆட்டினார்கள்.

இப்படி ஒரு விவகாரம் வந்தால் எங்கள் ஊரில் தீர்ப்புச் சொல்கிறவர் கால்முர்ஸா. முப்பத்தொரு வருஷம் கணவாயில் வண்டி ஓட்டியவர். அவர் ஒரு டிரைவர் மேல் தப்பு என்று சொல்லிவிட்டால் ஊரில் எந்த ஷெட்டும் அந்த ஆளுக்குச் சாவி தராது. அன்று மத்தியானம் ஷெட்டில் விரிப்பு விரித்து, ரொட்டியும் டீயும் வைத்து, அவரை நடுவில் உட்காரவைத்தார்கள். டிரைவர்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். புருல் மட்டும் கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாள்.

எசென்குல் ஆரம்பித்தான்.

"ஐயா, அவ போன்ல பதிவு இருக்கு. இறக்கத்துல அம்பத்தி நாலு. அதுக்கு மேல போகல, ஒத்துக்கிறேன். அட்டையில நாலாவது கியருக்கு அம்பத்தஞ்சு வரைக்கும் போகலாம். அப்போ நாலாவதுல இருந்திருந்தா இன்ஜின் உடையாது. உடஞ்சிருக்குன்னா என்ன அர்த்தம்? மூணாவதுல போட்டிருக்கா. பயந்து போய் கியர மாத்திட்டா."

"கியர் ராடா கரண்டியான்னு தெரியாம கலக்கிட்டா போல" என்றான் ஒருவன். டீக் கிண்ணங்கள் குலுங்கச் சிரித்தார்கள்.

"நாலாவதுலதான் இருந்தேன்" என்றாள் புருல்.

"யாரு பாத்தா?" என்றார் கால்முர்ஸா. கோபமில்லை, சும்மாதான் கேட்டார்.

"யாரும் பாக்கல ஐயா. ஆனா டயர அளந்தா தெரியும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. டேப் பிடிக்கும்போதெல்லாம் அதன் மறுமுனையை அவள்தான் பிடித்திருக்கிறாள். நான் முணுமுணுத்துக் கணக்குப் போடுவதைப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறாள். ஒரு நாளும் நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. அவளாகவே பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

"அளந்து என்னத்தக் கிழிக்கப் போற?" என்றான் எசென்குல்.

"அளக்கட்டும் விடு" என்றார் கால்முர்ஸா.

அவர் வண்டியிலேயே கயிறு கட்டி, அவரே ஓட்டி, செத்த லாரியை மெல்ல இழுத்தார். புருல் ஒற்றைக் கையால் டயரில் கோடு போட்டாள், தரையில் கோடு போட்டாள். ஒரு சுற்று போதாது என்று இரண்டு சுற்று உருட்டச் சொன்னாள். பிசகு இருந்தால் பாதியாகிவிடுமாம். அது நான் செய்வதைவிடச் சுத்தமான வேலை. டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஒருத்தனும் எழவில்லை. நான் போய்ப் பிடித்தேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் டேப்பைப் பார்த்தேன்.

ஐந்து மீட்டர் எண்பது.

"ஒரு சுத்துக்கு ரெண்டு மீட்டர் தொண்ணூறு" என்றாள். "இது காலி வண்டி. கரி ஏறினா இன்னும் அமுங்கும், இன்னும் கொறையும். பரவால்ல, உங்களுக்குச் சாதகமாவே வெச்சுக்கறேன். பழைய டயரு எவ்ளோன்னு அட்டைக்குப் பின்னாடி சாகின் அண்ணன் எழுதியிருக்காரு. மூணு மீட்டர் இருபத்தெட்டு."

அட்டையைத் திருப்பிக் காட்டினாள். என் கையெழுத்துதான்.

"அம்பத்தி நாலுன்னா நிமிஷத்துக்குத் தொள்ளாயிரம் மீட்டர். தொள்ளாயிரத்த ரெண்டு தொண்ணூறால வகுத்தா சக்கரம் முந்நூத்தி பத்து சுத்து. நாலாவது கியர்ல சக்கரம் ஒரு சுத்துக்கு இன்ஜின் எட்டே சொச்சம். எட்டு புள்ளி ஒண்ணு." சாக்பீஸால் தரையிலேயே எழுதிக்கொண்டு போனாள். "ரெண்டாயிரத்து ஐந்நூத்திப் பதினொண்ணு. எல்லை ரெண்டாயிரத்து நானூறு. லோடோட இதுக்கும் மேல போயிருக்கும். பழைய டயரா இருந்தா இதே வேகத்துக்கு ரெண்டாயிரத்து இருநூத்திச் சொச்சம்தான், ஒண்ணும் ஆகியிருக்காது. நான் மூணாவதுல போடல. நாலாவதுலயே உடையும். பன்னெண்டு நாளா தினம் கொஞ்சம் கொஞ்சமா உடஞ்சிருக்கு."

கால்முர்ஸா குனிந்து தரையில் இருந்த கணக்கைப் பார்த்தார். போனை வாங்கி, அதிலேயே ஒருதரம் பெருக்கிப் பார்த்தார்.

"கணக்கு சரிதான்" என்றார்.

எனக்கு அந்த நொடியில் எவ்வளவு நிம்மதி என்று சொல்ல முடியாது. அவள் தப்பித்தாள், நான் வாயைத் திறக்காமலேயே தப்பித்தாள் என்று நினைத்தேன். டயர் வாங்கியவன் எசென்குல், போனைப் பார்க்கச் சொன்னவன் எசென்குல், பழி அவன் தலையில் விழும் என்று நினைத்தேன். மடையன்.

எசென்குல் எழுந்து நின்றான். அவன் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

"அடேங்கப்பா! இவ்ளோ கணக்கு தெரியுதே உனக்கு. அளக்கத் தெரியுது, வகுக்கத் தெரியுது, லோடு ஏறினா எவ்ளோ அமுங்கும்கிறது வரைக்கும் தெரியுது. தெரியாதவன்னா மன்னிச்சு விட்டுடலாம். இவ்ளோவும் தெரிஞ்சவ, மொத நாளே ஏம்மா அளக்கல? தெரிஞ்சே பன்னெண்டு நாள் என் இன்ஜின அடிச்சியா?"

டிரைவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அதானே" என்றான் ஒருவன். "நியாயமான கேள்வி" என்றான் இன்னொருவன். சற்றுமுன் அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று சிரித்த அதே வாய்கள்.

புருலின் முகம் சிவந்துபோனது.

"அளக்கறது மெக்கானிக் வேல. நான் சாக்பீஸ எடுத்திருந்தா, இவ இதுக்கும் வந்துட்டாளான்னு நீங்கதான் சிரிச்சிருப்பீங்க. ஆனா நான் கேட்டேன். டயர் மாட்டின அன்னிக்கே சாகின் அண்ணன்கிட்ட கேட்டேன், அட்டை மாறாதான்னு. பழசே போதும், அப்படியே ஓட்டுன்னு சொன்னாரு. அவரயே கேளுங்க."

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. கால்முர்ஸா என்னையே பார்த்தார்.

"கேட்டாளா சாகின்?"

எசென்குல்லும் பார்த்துக்கொண்டிருந்தான். பட்டறை அவன் இடம். நான் குடியிருக்கும் வீடு ஷெட்டின் பின்சுவரை ஒட்டியது, அதுவும் அவன் இடம். ஆனால் இதெல்லாம் பிறகு நானே தேடிக்கொண்ட சாக்கு. அந்த நேரத்தில் என் மனதில் இருந்தது ஒன்றுதான்: அத்தனை டிரைவர்கள் முன்னால், என் அட்டையைத் தெய்வம் என்றவர்கள் முன்னால், சாகின் குதிரை ஆட்டம் பார்க்க ஓடிப்போனான் என்று ஆகிவிடக் கூடாது. அவ்வளவு கேவலமான காரணம்.

"நினைவில்ல ஐயா" என்றேன். "கேட்டிருக்கலாம். வேலை மும்முரத்துல... எனக்கு நினைவில்ல."

ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இரண்டுக்கும் நடுவே புகுந்துகொண்டேன். பச்சையாகப் பொய் சொல்லியிருந்தாலாவது அவள் என்னோடு சண்டைக்கு வந்திருப்பாள்.

கால்முர்ஸா டீக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்.

"நாலாவதுலதான் இருந்திருக்கா. அது உண்மை. ஆனா வண்டில என்ன இருக்குன்னு தெரிஞ்சுகிட்டுதான் டிரைவர் மலையில ஏறணும். டயர் மாறினது கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு, சந்தேகமும் வந்திருக்கு, அப்புறமும் ஓட்டியிருக்கா. டிரைவர் தப்புதான். மகளே, மனசுல வெச்சுக்காத."

அவ்வளவுதான். ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார்கள்.

புருல் அழவில்லை. சாவியை எடுத்து விரிப்பின் ஓரத்தில் வைத்தாள். தனது துணிப்பையை வண்டியிலிருந்து எடுக்க அவளுக்கு ஒரு கை போதவில்லை. நான் போய்க் கதவைப் பிடித்தேன். பையை எடுத்துக்கொண்டு இறங்கிய பிறகுதான் பேசினாள், வேறு யாருக்கும் கேட்காத குரலில்.

"அண்ணே, நாளைக்கு இதுல வேற எவனாவது ஏறுவான். இன்னிக்கே அட்டைய மாத்தி எழுதிடுங்க. அவன் உங்கள கேட்கக்கூட மாட்டான். சாவான்."

எழுதினேன். வேறு இன்ஜின் மாட்டிய அன்றே லோடு ஏற்றி, அளந்து, இரண்டு தரம் சரிபார்த்து எழுதினேன். நான்காவது கியருக்கு நாற்பத்தேழு. இப்போது அந்த வண்டியை எசென்குல்லின் மச்சான் பையன் ஓட்டுகிறான். அட்டையைப் பார்த்துவிட்டு, மெக்கானிக் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்கிறான்.

புருல் அடுப்படிக்குத் திரும்பவில்லை. குளிர் தொடங்கும் முன்பே ரஷ்யாவுக்குப் போய்விட்டாள். அங்கே கிடங்கு ஒன்றில் பெட்டி அடுக்குவதாகக் கேள்வி. அந்தத் தோளோடு எப்படி அடுக்குகிறாளோ.

போன மாதம் இன்னொரு பெண் லைசென்ஸ் எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கு வந்தாள். இருபத்தாறு வயதிருக்கும். எசென்குல் அவளை உட்காரவைத்து டீ கொடுத்தான். முன்பு ஒருத்திக்கு வண்டி கொடுத்துப் பார்த்தோம்மா, இன்ஜினையே உடைத்துவிட்டாள், அதிலிருந்து பெண்களுக்குத் தருவதில்லை என்றான். அவள் நம்பாமல் முகத்தைச் சுளித்தாள்.

"பொய் சொல்றேன்னு நெனக்காத. அதோ நிக்கிறாரு பாரு, சாகின். அந்த இன்ஜினத் தொறந்து பாத்ததே அவருதான். அவரக் கேளு."

அவள் என்னிடம் நடந்து வந்தாள். "நெஜமாவா அண்ணே?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா" என்றேன்.